ஒன்பதாவது பீப்

இன்று ஞாயிறு. கம்பெனியில் ஆள் இல்லை. சாக்பீஸ் எடுக்கக் கட்டிங் டேபிள் டிராயரைத் திறந்தேன். நாம் விளையாடும் குத்துச்சண்டை வீடியோ கேம் பெட்டி கையில் தட்டியது. விரல் வழுக்காமல் இருக்க உன் பக்கத்தில் நீ சுற்றிய பனியன் துணி அப்படியே இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். நீ தேய்க்கும் தலைவலித் தைலம், நேற்றுத் தடவியதுபோல. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. சுவர்க் கடிகாரத்தின் செல்லைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். 'பீப்' என்றது.

உயிரோடு இருந்தவரை உன்னை நான் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். "குத்தையும் குடுத்துட்டு வலிக்குதுங்களான்னு கேக்கியேல, உங்க கொங்குநாட்டு மரியாதை இருக்கே" என்று சிரிப்பாய். நீ என்று சொல்லச் சொல்லி எத்தனை தடவை கேட்டாய். இப்போது எழுதுகிறேன், வாங்கிக்கொள்.

நாம் ஆடியதும் கட்டிங் டேபிளில் துணி விரித்ததும் ஒரே மாதிரிதான். நீ அந்தக் கடைசி, நான் இந்தக் கடைசி. டீ நேரத்தில் பெட்டியின் இரண்டு முனையையும் பிடித்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு பொத்தான்: ஒன்று குத்த, ஒன்று தடுக்க. விழுந்த குத்துக்கு ஒரு புள்ளி. இருவரும் சேர்ந்தாற்போல் குத்தினால் யாருக்கும் இல்லை. பத்துக் குத்து வாங்கியவன் திரையில் சாய்வான். பீப், பீப் என்று பத்து எண்ணும். அதற்குள் தடுப்புப் பொத்தானை அழுத்தினால் எழலாம். எத்தனையாவது பீப்பில் எழுகிறோமோ அத்தனை புள்ளி எதிராளிக்குக் கழியும். பத்து ஆகிவிட்டால் ஆட்டம் போச்சு.

எனக்குப் பயம், மூன்றிலேயே எழுந்துவிடுவேன். நீ ஒன்பது வரை படுத்தே கிடப்பாய். "விழுந்தவனுக்கு என்னல அவசரம்?" என்பாய். ஓவர்லாக் மிஷின் இரைச்சலில் பீப் காதில் விழாது. நீ மனசுக்குள் எண்ணி, கண்ணை மூடிக்கொண்டு எழுவாய். ஒருநாளும் தப்பியதில்லை. நான்தான் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

போன தீபாவளிக்கு ஷிப்மென்ட் நெருக்கம். ஒரு டேபிளில் ஒருவருக்குத்தான் வியாழக்கிழமையே லீவு, மற்றவர் சனிக்கிழமை வேலை முடித்துத்தான் கிளம்ப வேண்டும், யாரென்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று கட்டிங் மாஸ்டர் சொல்லிவிட்டார். உனக்குத் திருநெல்வேலிக்கும் தெற்கே ஊர். எனக்குக் குண்டடம், ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். விட்டுக்கொடுத்திருக்கலாம். "ஆடிப் பாத்துக்கலாமுங்க" என்றேன்.

பெட்டியின் இரு பக்கமும் ஒவ்வொரு சிறு சுவிட்ச் உண்டு. ஒன்றில் வைத்தால் அந்தப் பக்கத்து ஆள் விழும்போது எண்ணிக்கை மெதுவாக ஓடும், இரண்டில் வைத்தால் வேகம். நீ முகத்தில் ஒட்டிய பஞ்சுத் தூசியைக் கழுவப் போனபோது உன் பக்கத்துச் சுவிட்சை இரண்டுக்குத் தள்ளினேன். லீவுக்காக இல்லை. ஒரு தடவையாவது உன்னை ஜெயிக்க வேண்டும் என்ற அற்ப ஆசை.

உன் ஆள் விழுந்தான். நீ வழக்கம்போலக் கண்ணை மூடினாய். அழுத்தியபோது பத்து தாண்டியிருந்தது. நீ சந்தேகப்படவே இல்லை. உன் விரலைத்தான் பார்த்தாய். "வயசாயிட்டுல. சரி, நீ கெளம்பு. பாப்பாகிட்ட அப்பா சனிக்கிழமை வாரேன்னு சொல்லிடுதேன்" என்றாய்.

சனிக்கிழமை நீ ஏறிய பஸ் ஊர் போய்ச் சேரவில்லை.

இன்று பெட்டியின் நடுப் பொத்தானை அழுத்தினேன். அதை அழுத்தினால் எதிர்ப்பக்கத்து ஆளைப் பெட்டியே ஆட்டும். பெட்டிக்கு உன் தைரியம் கிடையாது. விழுந்தால் எப்போதும் நாலாவது பீப்பில் எழுந்துவிடும். நீ லீவு போட்ட நாட்களில் எத்தனையோ தடவை தனியாக ஆடிப் பார்த்தவன் நான். பத்துக் குத்து விட்டேன். உன் பக்கத்து ஆள் விழுந்தான். நாலு போயிற்று. ஐந்து, ஆறு. இரைச்சல் இல்லாத கம்பெனியில் ஒவ்வொரு பீப்பும் தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது. ஒன்பதில் அவன் எழுந்தான்.

உன் பக்கத்துச் சுவிட்சைப் பார்த்தேன். இன்னும் இரண்டில்தான் இருந்தது. அதை ஒன்றுக்குத் தள்ளினேன். "நாந்தானுங்க மாத்தி வெச்சது" என்று டேபிளின் அந்தக் கடைசியைப் பார்த்துச் சொன்னேன். அங்கே விரித்திருந்த துணியின் ஓரம் மட்டும் லேசாக இழுபட்டது. ஃபேன் ஓடவில்லை.

தோற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். பெட்டியை டேபிளில் வைத்தேன், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். உன் ஆள் நிதானமாகப் பத்துக் குத்தினான். என் ஆள் விழுந்தான். பத்து வந்துவிட்டால் கணக்குத் தீரும் என்று காத்திருந்தேன். எழுந்திருக்க நான் அழுத்த வேண்டும். நான் பெட்டியைத் தொடவே இல்லை. ஏழு, எட்டு. ஒன்பதாவது பீப்பில் என் ஆள் எழுந்து நின்றான்.

செல்லைக் கழற்ற மனம் வரவில்லை. சுவர்க் கடிகாரம் மூன்றேகாலில் நின்று கிடக்கிறது. இதுவரை ஏழு தடவை என் ஆள் விழுந்துவிட்டான். "ஒரே ஒருக்கா தோக்க உடுங்க" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒன்பதில் என்னை எழுப்பி நிறுத்திவிடுகிறாய்.