தையல்காரர் என்று சொல்லி எடுத்த கழுத்தளவு

அனுப்புநர்:
தூக்கிலிடும் பணியாளர்
(மற்ற நாட்களில் துணிக்கிடங்கு ஊழியர்),
மத்தியச் சிறை.

பெறுநர்:
சிறைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
மத்தியச் சிறை.

பொருள்: கைதி ஒருவருக்குச் சட்டை கொடுக்கத் துணிக்கிடங்கு அலுவலர் மறுத்தது – புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினேழு ஆண்டுகளாக இப்பணியில் இருக்கிறேன். ஒன்பது பேர். இதுவரை யார் மீதும் புகார் எழுதியவன் இல்லை.

2. தண்டனைக்கு முன் கைதியின் எடையும் கழுத்தளவும் எடுக்க வேண்டும். அவர் கலங்கக் கூடாது என்று, சிறைத் தையல்காரர் எனச் சொல்லி உள்ளே போவது இங்கே வழக்கம். நானும் கூசாமல் நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். திரும்பி வந்து கேட்க யாரும் இருந்ததில்லை.

3. மார்ச்சில் ஏழாம் அறைக் கைதிக்கு அளவெடுத்தேன். முன்பு லாரி ஓட்டியவர். நான் கேட்காமலே தாடையை உயர்த்திக் காட்டினார். "காலரைக் கொஞ்சம் லூசா வைங்கண்ணே, இறுக்கினா எனக்கு மூச்சு முட்டும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். வேறென்ன சொல்ல, ஐயா?

4. தூக்குக்கு நான்கு நாள் இருக்கையில் அவர் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. ஒத்திகைக்கு அவர் எடையில் கட்டிய மணல் மூட்டையை நானே சந்தோஷமாக அவிழ்த்துக் கொட்டினேன். இப்போது வாராவாரம் சலவைத் துணி வாங்க என் ஜன்னலுக்கு வருகிறார். "என்னண்ணே, என் சட்டைக்குப் பருத்தியே இப்பதான் விதைச்சிருக்கீங்களா?" என்று சிரிக்கிறார். வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கு நான் யாரென்று தெரியும். அவரிடம் சொல்ல மனமில்லாமல் தரையைப் பார்க்கிறார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

5. மனைவியிடம் சொல்லி அழுதேன். தையல் மெஷினைத் திறந்து, "அளவு சொல்லுங்க" என்றாள். கழுத்து பதினைந்தரை அங்குலம் என்று எதையும் பார்க்காமல் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தைத்துக் கொடுத்தாள்.

6. வெளித்துணிக்கு விதியில் இடமில்லை என்று அலுவலர் அதைத் திருப்பிவிட்டார். அதே கழுத்துக்குக் கயிறு கேட்டபோது ஒரே நாளில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

7. ஆகவே சட்டையைத் தர அனுமதியுங்கள். தரும்போது நான் யார், எதற்கு அளவெடுத்தேன் என்று என் வாயாலேயே சொல்ல விடுங்கள். இனி எந்த அறைக்கும் தையல்காரராக என்னை அனுப்பாதீர்கள். அவர் அந்தச் சட்டையை என் முகத்தில் விட்டெறிந்தால், அதை ஒழுங்கீனம் என்று அவர் பதிவேட்டில் எழுத வேண்டாம் என்றும் கைகூப்பிக் கேட்கிறேன்.

இடம்: துணிக்கிடங்கு
நாள்: செப்டம்பர் 11

இப்படிக்கு,
(ஒப்பம்)
தூக்கிலிடும் பணியாளர்

இணைப்பு: சட்டை ஒன்று, காலர் அரை அங்குலம் தளர்வாக.