லாபம் என்று தொடங்கிய எண்ணிக்கை

நேற்றுக் காலை எங்கள் அடுக்குமாடி வாசலில் வேர்க்கடலைக்காரி ஒருத்தி கூடையை இறக்கினாள். நாவலூரில் இப்போது எல்லாமே எலக்ட்ரானிக் தராசும் பாக்கெட்டும்தான். இவள் கையில் மட்டும் விளிம்பு தேய்ந்த இரும்புப் படி ஒன்று இருந்தது. முதல் படியை என் பையில் கொட்டும்போது வாய்க்குள்ளேயே "லாபம்" என்றாள். அடுத்ததற்கு "ரெண்டு" என்றாள். மூன்றாவது படி விழுவதற்குள் என் கை பையை விட்டுவிட்டது. கடலை தரையெல்லாம் ஓடிற்று.

"இன்னாம்மா, மயக்கமா? குந்து, குந்து" என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். மயக்கமில்லை. பயம். அறுபது வருஷம் தாண்டியும் ஆறாத பயம். அதை யாரிடம் சொல்வது? தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீ போன பிறகும் உனக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரியாததல்ல. பல்லிக்குப் பயம், இன்ஸ்பெக்டருக்குப் பயம், படகுக்குப் பயம். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னுவாங்க. உனக்கு மட்டும் பட்டப்பகல்லயே பேய் தெரியுதேடி" என்று சிரிப்பாய். சிரித்துக்கொண்டே படகில் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொள்வாய். அந்தப் பிடி இருந்ததால்தான் நான் அந்த டீச்சர் வேலையில் நிலைத்தேன்.

நம் பள்ளிக்கூடம் கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் கிடந்த மணல் பட்டையில் இருந்தது. புதுப்பட்டினத்துக்கு வடக்கே, அடுப்பங்கரை அகலத்தில் ஒரு குப்பம். கிழக்கே நின்றால் கடல் தெரியும், மேற்கே நின்றால் விறகும் உப்பும் ஏற்றிக்கொண்டு பட்டணம் போகும் படகுகள் தெரியும். குப்பத்துப் பிள்ளைகள் நடந்து வருவார்கள். மேற்குக் கரையின் கழனிப் பக்கத்துப் பிள்ளைகள் நம்மோடு சேர்ந்து படகில் வருவார்கள். ஒரே கூரைக் கொட்டகையில் ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர். நீ செங்கல்பட்டு அரிசி மண்டிக்காரர் மகள், நான் திருக்கழுக்குன்றத்துப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். இருவருக்கும் வயது இருபதைத் தாண்டி ஒன்றோ இரண்டோ இருக்கும்.

புத்தகத்தில் இருந்த வழிக்கணக்குகள் உனக்கு ஆகவே ஆகாது. 'ஒரு தோட்டத்தில் பன்னிரண்டு வரிசை ஆப்பிள் மரங்கள்' என்று ஒன்று வரும். நான் அதை ராகம் போட்டு வாசிப்பேன். பிள்ளைகள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் நீ புத்தகத்தைப் பிடுங்கி மூடினாய். "ஆப்பிள நீயும் பாத்ததில்ல, நானும் பாத்ததில்ல. அதுங்க எங்க பாத்துச்சு? அதுங்க பாத்தத கேளேன்" என்றாய். அதிலிருந்து கரும்பலகையில் மீன் கூடை வந்தது, வலையில் கோக்கிற ஈயக்குண்டு வந்தது, களத்தில் அடித்துக் குவித்த கடலை வந்தது. சுவரைப் பார்த்தவர்கள் உன்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

படகுக் கணக்கு ஞாபகமிருக்கிறதா? எட்டுப் பிள்ளைகள் ஏறும் படகு. கரையில் இருபத்தொன்பது பிள்ளைகள். எத்தனை நடை? ஒரு பையன் துள்ளி எழுந்து, "மூணு நடை டீச்சர், மீதி அஞ்சு" என்றான். "சரி, அந்த அஞ்சு பேரையும் நரி இட்டுகினு போகட்டுமா?" என்று நீ கேட்டாய். கொட்டகை அதிரச் சிரித்தார்கள். "நாலு நடை! நாலு நடை!" என்று கத்தினார்கள். நான் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கரையில் நிற்கிற அந்த ஐந்து பேரின் முகம் எனக்குத் தெரிந்துவிட்டது. என் புத்தி அப்படி.

எண்ணச் சொல்லிக் கொடுத்ததும் உன் வீட்டு வழிதான். உங்கள் மண்டியில் நெல் அளக்கிறவர் முதல் படியை 'ஒன்று' என்று சொல்ல மாட்டாராம், 'லாபம்' என்றுதான் தொடங்குவாராம். எங்கள் களத்திலும் அதே வழக்கம். நீ பிள்ளைகளையும் அப்படியே எண்ண வைத்தாய். சாயங்காலம் படகேறும்போது ஒவ்வொரு தலையாகத் தொட்டு "லாபம், ரெண்டு, மூணு" என்று பாடுவார்கள். கழனிப் பிள்ளைகளுக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. குப்பத்துப் பிள்ளைகளுக்கு நெல்லும் தெரியாது, களமும் தெரியாது. வலை வீசுமுன் சாமி பேரைச் சொல்வதுபோல இதுவும் ஏதோ நல்ல வார்த்தை என்று அவர்களும் சேர்ந்து பாடினார்கள். கூட்டமாகப் பாடியதில் யார் எப்படி எண்ணினார்கள் என்ற வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை.

அந்தக் கார்த்திகை மாதத்துக் காலை நன்றாகத்தான் விடிந்தது. கரும்பலகை மூலையில் 'வருகை 23' என்று நீ எழுதினாய். மத்தியானத்துக்குள் காற்று திரும்பியது. வானம் செம்மண் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. குப்பத்து அம்மா ஒருத்தி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "கடலு உள்ள வந்துகினு கீது டீச்சர்! பசங்கள அந்தாண்ட கரைக்கு இட்டுகினு பூடு. நாங்க கெழம் கட்டைங்கள தூக்கிகினு வடக்கால மேட்டுக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் ஓடினாள். நீ கரும்பலகையை ஒரு முறை பார்த்தாய். "இருபத்துமூணு. மூணு நடை. வா" என்றாய்.

முதல் நடையில் சின்னதுகள் எட்டுப் பேரோடு நான் போனேன். இரண்டாவதில் அஞ்சாம் வகுப்பு லீடரோடு சேர்த்து எட்டுப் பேர், அவள்தான் பொறுப்பு. குப்பத்துப் பெண், கெட்டிக்காரி, நீ பெற்ற மகளைப்போல வைத்திருந்தாய். கடைசி நடையில் மிச்சம் ஏழு பேரோடு நீ. படகுக்காரர் ஒவ்வொரு முறையும் வெறும் படகைக் கோல் ஊன்றித் திருப்பிக்கொண்டு போகும்போது, இனி வராது, இனி வராது என்றே என் நெஞ்சு அடித்துக்கொண்டது. மேற்குக் கரையில் ஒரு கல் மண்டபம் உண்டே, அதற்குள் எல்லாரையும் தள்ளினேன். என் இடுப்பில் ஒன்று, முந்தானையில் இரண்டு. அதனால் லீடரிடம், "எண்ணிடுடி கண்ணு" என்றேன்.

மழை கல்லில் அறைகிற சத்தத்தில் அவள் எண்ணியது எனக்குக் கேட்கவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் கேட்டது.

"இருபத்திரண்டு, டீச்சர்."

நீ அப்போதுதான் புடவையைப் பிழிந்துகொண்டு படியேறி வந்தாய். உன் முகத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் அப்படிப் பார்த்ததில்லை. "யாரு இல்ல?" என்றாய். பிள்ளைகள் ஓவென்று அழுதார்கள். நனைந்து ஒடுங்கி இருட்டில் எல்லாம் ஒரே பிள்ளையைப்போல் இருந்தன. "கொட்டகையில அலமாரிக்குப் பின்னால எதாவது ஒண்ணு பயந்துகினு ஒண்டிகினு இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டாய். படகுக்காரர் கோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மறித்தார். "இப்ப போனா திரும்ப முடியாது தாயி. காத்து இன்னா போடு போடுது பாத்தியா?"

"நீ வராட்டி போ அண்ணாத்த, கோலக் குடு" என்றாய். அவர் வானத்தைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், ஏறிக்கொண்டார். மழை உங்கள் இருவரையும் அப்படியே வாயில் போட்டுக்கொண்டது.

அதன் பிறகுதான் நான் எண்ணினேன். எண்களை நம்பாமல் பேர் பேராக எண்ணினேன். பேர் சொன்னவர்கள் தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார வேண்டும். கடைசிப் பிள்ளையும் அந்தப் பக்கம் போயிற்று. இருபத்துமூன்று. மறுபடி செய்தேன். இருபத்துமூன்று. யாரும் குறையவில்லை.

கரைக்கு ஓடிப்போய் உன் பேரைச் சொல்லிக் கத்தினேன். என் குரல் என் காதுக்கே கேட்கவில்லை. எதிர்க்கரை என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. இல்லாத பிள்ளையைத் தேடி நீ கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறாய், அதைச் சொல்ல எனக்கு வழியில்லை. அந்த மத்தியானம் நான் பட்ட பயத்துக்கு அளவு சொல்ல எந்தப் படியும் இல்லையடி. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று அழுகையை முந்தானையால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னைப் பெற்ற அத்தாவிடம் என்ன சொல்லி நிற்பேன் என்று ஒரு யோசனை. நாளைக்கு யார் என் கையைப் பிடித்துப் படகில் ஏற்றுவார்கள் என்றும் ஒரு யோசனை வந்தது.

லீடரை மெதுவாகக் கேட்டேன், "எப்படிடி எண்ணின?" அவள் நடுங்கிக்கொண்டே முதல் தலையைத் தொட்டு "லாபம்" என்றாள். அடுத்த தலையைத் தொட்டு "ஒண்ணு" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சாமி பேரை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

பொழுது சாயும் நேரம் காற்று கொஞ்சம் மூச்சு வாங்கிற்று. மழைக்குள்ளிருந்து முதலில் கோல் தெரிந்தது, பிறகு படகு, பிறகு அதன் நடுவில் குத்துக்காலிட்டு நீ. நான் தண்ணீரில் இறங்கிவிட்டேன், இடுப்பு வரைக்கும். தண்ணீருக்குப் பயப்பட மறந்துபோயிற்று.

உன் உதடு நீலமாகியிருந்தது. நேரே மண்டபத்துக்குள் போனாய். லீடர் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அடி விழும் என்று எல்லாருமே நினைத்தோம். நீ அவளைத் தேடிப் பிடித்துத் தலையில் கை வைத்தாய். "லாபம்" என்றாய். பக்கத்துப் பையன் தலையில் வைத்தாய். "ரெண்டு." பல் கிடுகிடுக்கக் கடைசிவரை தொட்டு எண்ணி முடித்தாய். பிறகு அவளிடம் திரும்பி, "லாபம்னா அதான்டி ஒண்ணு. நான் உனக்குச் சொல்லவே இல்ல பாரு" என்றாய். அதற்குப் பிறகுதான் அழுதாய்.

அங்கே நடந்ததை மறுநாள் காலை, தலையைக் காயவைத்துக்கொண்டே சொன்னாய். கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அலமாரி மல்லாந்து மிதந்தது. யாரைத் தேடுவது என்று தெரியாததால் வருகை சொல்வதுபோல ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாயாம். "ஒரு பேருக்கும் 'உள்ளேன் டீச்சர்'னு சத்தம் வரலடி. அக்கரையில மத்தவங்க எல்லாரும் இருக்காங்கன்னு புத்திக்குத் தெரியுது. ஆனா பேரு சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணா செத்துப்போற மாதிரியே இருந்துச்சு. யா அல்லா, நான் பயந்துட்டேன்டி" என்றாய். நீ பயந்தேன் என்று சொல்லி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். கரும்பலகையில் பாதி அழிந்திருந்த 23ஐப் பார்த்தபடி நின்றபோதுதான், மண்டபப் படியேறும்போது அரைகுறையாகக் காதில் விழுந்த 'லாபம், ஒண்ணு' உனக்கு உறைத்ததாம். அந்தத் தண்ணீரில் நின்று ஒற்றையாய்ச் சிரித்தாயாம். படகுக்காரர் உனக்குப் பேய் பிடித்ததாக நினைத்துவிட்டார்.

குப்பத்துச் சனம் மேட்டில் பிழைத்துக் கிடந்தது. தண்ணீர் வடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது நீ பழக்கத்தில் படகுக் கணக்கு ஒன்றை எழுதினாய். யாரும் கை தூக்கவில்லை. சின்னவன் ஒருவன் விம்ம ஆரம்பித்தான். நீ அதை அழித்துவிட்டுக் கடலைக் கணக்கு எழுதினாய். பொங்கல் தாண்டி ஒரு நாள் லீடரே எழுந்து, "டீச்சர், படகுக் கணக்குப் போடுங்க. ஆனா படகத் திருப்பி இட்டார்றவரையும் அதுல சேத்து எழுதுங்க" என்றாள். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். அதன் பிறகு உன் கணக்கில் வந்த எல்லாப் படகிலும் ஒரு படகுக்காரர் இருந்தார்.

பிறகு நமக்குக் கல்யாணம், மாற்றல், பேரப்பிள்ளைகள். நீ செங்கல்பட்டிலும் நான் பிள்ளை வீட்டிலுமாக ஒதுங்கினோம். ஆனால் ரேடியோவிலோ டிவியிலோ புயல் என்று சொல்லிவிட்டால் உன் போன் வந்துவிடும். "எல்லாம் வூடு வந்து சேந்துச்சா? எண்ணினியா?" நான் எண்ணிவிட்டேன் என்பேன். "எப்படி எண்ணின?" என்பாய். "லாபம், ரெண்டு" என்பேன். சரி என்று வைத்துவிடுவாய். உனக்கும் அந்தப் பயம் போகவே இல்லை என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

நேற்று ராத்திரிச் செய்தியில் புயல் என்றார்கள். பிள்ளை ஆபீசிலிருந்து வந்துவிட்டான், மருமகள் வந்துவிட்டாள், பேத்தி பொத்தேரி ஹாஸ்டலிலிருந்து நனைந்துகொண்டு வந்து சேர்ந்தாள். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் பழக்கத்தில் எண்ணினேன். லாபம், ரெண்டு, மூணு, என்னோடு நாலு. சரியாக இருந்தது. இருந்தும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் மழை அறைந்தது. "யாருக்குப் பாட்டி காத்திருக்க?" என்று பேத்தி கேட்டாள்.

அன்றைக்கு ஆளில்லாத கொட்டகையில் நின்று நீ இருபத்துமூன்று பேரைக் கூப்பிட்டாய். அத்தனை பேரும் அக்கரையில் பத்திரமாக இருந்தார்கள். எல்லாரும் தூங்கப் போன பிறகு நான் ஜன்னலைத் திறந்து, மழையைப் பார்த்து, ஒரே ஒரு பேரைக் கூப்பிட்டேன்.