சிரிக்காமல் சிரிக்கவைத்த அக்காவுக்கு

என் அன்பான ஹொலிவுட் அக்கா,

உங்களுக்கு என்னைத் தெரியாது. ஊர் யாழ்ப்பாணம். இப்போது ஜேர்மனியில், கொலோன் நகரத்தில், ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், விடுமுறையில் தொலைக்காட்சியில் போடுகிற உங்கள் பழைய பாட்டுப் படங்களை இங்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். வருடம் தவறாமல் வருகிறவர் உயிரோடுதான் இருப்பார் என்று நினைத்திருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான்.

போன ஞாயிறு மகள் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, இவா செத்துக் கனகாலம்."

எழும்பிப் போய்த் தலையில் தண்ணீர் வார்த்து முழுகினேன். எத்தனை காலம் பிந்தினாலும், சொந்தக்காரரின் சாவுச் செய்தி காதில் விழுந்தால் முழுகவேண்டும் என்பது எங்கள் வழக்கம். மகள் குளியலறைக் கதவடியில் நின்று சிரித்தாள்.

"அவா என்ன, எங்கட சொந்தமே?"

"ஓம்" என்றேன். அழுகையும் வந்துவிட்டது.

அக்கா, அதை எப்படிச் செய்தீர்கள்? அந்தக் கலியாண வீட்டுக் காட்சியைச் சொல்கிறேன். மூன்று தட்டுக் கேக் உங்கள் தொப்பியில் சரிந்து, கிறீம் மூக்கு வழியே வழிகிறது. நீங்கள் இழுத்துப் பிடித்த சுருதி இம்மியும் விலகவில்லை, கண்கூட இமைக்கவில்லை. சுற்றி நிற்பவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று நானும் முயன்றேன். கேக் இல்லாமலே மூச்சு முட்டியது.

இன்னொரு அதிசயம். இங்கே நீங்கள் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், பேசுவது யாரோ ஒருத்தியின் இரவல் குரலில். பாட்டுத் தொடங்கினால் மட்டும் உங்கள் சொந்தக் குரல் வரும். எனக்கு மயிர்க்கூச்செறியும். நாள் முழுக்க டொச்சில் மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்து தமிழில் பாடுகிறவளுக்கு அது விளங்காதா?

கடைசிவரை உங்களுக்குக் கதாநாயகி வேடம் தரவில்லை. தோழி, சமையல்காரி, தபால்காரி என்று ஏதாவது ஒன்று. படத்துக்கு ஒரு பாட்டு. படங்கள் நின்ற பிறகும் சின்னச் சின்ன மேடைகளில், நரைத்த தலையோடு, அதே அசையாத முகத்தோடு பாடினீர்களாம். மகள்தான் வாசித்துக் காட்டினாள். ஒருநாளாவது வெட்கமாக இருக்கவில்லையா? யாருமே சிரிக்காத நாள் இருந்ததா?

ஏன் கேட்கிறேன் என்றால், வருகிற சனிக்கிழமை எங்கள் தமிழ்ச் சங்க விழா. நகைச்சுவைப் பாட்டொன்று எழுதி, நானே பாடுவதாகப் பெயர் கொடுத்திருந்தேன். கணவரின் அக்காவான என் மச்சாள் தொலைபேசியில் பொரிந்து தள்ளிவிட்டார்.

"ஐம்பது வயசில மேடையில கோமாளி வேசமே? சனம் காறித் துப்பும். பேரை எடுத்துவிடு!"

எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். உங்கள் கதையைக் கேட்ட பிறகு மனம் வரவில்லை.

பாடுவேன், அக்கா. மச்சாள் எப்போதும் முன்வரிசையில்தான் இருப்பார். அவர் முகத்தை நேரே பார்த்துப் பாடுவேன். சபை சிரித்தாலும் நான் சிரிக்கமாட்டேன். ஒருவரும் சிரிக்காவிட்டால்? அப்போதும் கடைசி வரிவரை நின்று பாடிவிட்டுத்தான் இறங்குவேன். இது சத்தியம்.

உங்கள் உடன்பிறவாத் தங்கச்சி,
மலர்