இரண்டு சம்பந்திகளுக்கு ஓர் அறை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அத்தை எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் அம்மாவும் நன்றாக இருக்கிறார். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பிக்கொண்டு மற்றதை எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் "நல்லா இருக்கேன் அத்தை, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. கடிதத்தை நடுவில் வைத்துவிட முடியாதல்லவா, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் தோழி வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பதைப் பற்றி இதில் ஒரு வார்த்தை எழுதமாட்டேன். உன் அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவரும் என் மகனைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆகவே ஓட்டல் சமாசாரம் மட்டும்தான்.

போன வருஷம் உங்கள் கல்யாண நாளன்று எங்கள் இரண்டு பேருக்கும் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தீர்களே, ஞாபகம் இருக்கும். இரண்டு அம்மாக்களும் தனித்தனி வீட்டில் டிவியோடு பேசிக்கொண்டிருந்தது போதும் என்று நீதான் சொன்னாய். அந்தக் கப்பல் அடுத்த மாதம் கிளம்புகிறது. கொடுத்தவர்கள் ஆளுக்கொரு மூலையில் இருக்கும்போது வாங்கியவர்கள் போவதா, வேண்டாமா? வேண்டாம் என்று நான் சொல்வேன் என உன் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்வார் என நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. ஆகவே போகிறோம்.

கப்பல் மத்தியானம் கிளம்பும். அன்று காலை ரயிலை நம்பிப் போனால், ரயில் எங்காவது படுத்துக்கொண்டால் கப்பல் நமக்காக நிற்குமா? அதனால் முதல் நாளே போய்த் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஓட்டலில் தங்கிவிடலாம் என்று பேச்சு வந்தது. அங்கேதான் ஆரம்பித்தது வம்பு.

இரண்டு சம்பந்திகள் சேர்ந்து ஓர் ஓட்டலைத் தேர்ந்தெடுப்பது லேசுப்பட்ட காரியம் என்று நினைக்காதே. "உங்களுக்குப் பிடிச்சா எனக்கும் சரி சம்பந்தி" என்பார் அவர். "ஐயோ, நீங்க சொல்லுங்க, எனக்கு ஒரு கட்டில் கிடந்தா போதும்" என்பேன் நான். மரியாதையிலேயே ஒரு வாரம் ஓடிப்போயிற்று. தண்ணீரைப் பார்த்த ஜன்னல் வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் கொள்ளை ஆசை. ஆனால் கப்பலில் ஏறிவிட்டால் தண்ணீரைத் தவிர வேறு என்ன இருக்கிறது, அதற்கு முதல் நாளே காசைக் கொட்டுவானேன் என்று அவர் நினைத்துவிட்டால்? வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குள் ஓட்டல்களைப் பற்றித் தங்கியவர்கள் எழுதியதையெல்லாம் போனில் உட்கார்ந்து படித்தேன். குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவிலேயே ஆயுசைக் கழித்தவள் நான். புகழ்ந்து எழுதியவர்களைத் தள்ளிவிட்டு, திட்டி எழுதியவர்களை மட்டும் படித்தேன். தலையணை கல் மாதிரி இருந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான புகார். கடற்பறவைகள் விடியற்காலையில் கத்துகின்றன, நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை என்று இன்னொருவர். இந்த மாதிரி ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். மழை பெய்கிறதே, குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

கடைசியில் உன் அம்மாதான் சொன்னார், படத்தைப் பார்த்து முடிவு செய்யவேண்டாம், நேரில் ஒரு நடை போய்வரலாம் என்று. இஸ்திரி போட்ட துணியை உடுத்திக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி இரண்டு பேரும் ரயில் ஏறினோம்.

முதல் ஓட்டல் முழுக்கக் கண்ணாடி. வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். வாடகையைச் சொன்னதும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. அடுத்தது மலிவு. கடல் தெரியும் அறை என்றுதான் போட்டிருந்தார்கள். எங்கே கடல் என்று கேட்டேன். குளியலறை முக்காலியின் மேல் ஏறி நின்று, தலையை வலது பக்கம் சாய்த்தால் தெரியுமாம். நான் ஏறினேன். உன் அம்மா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு கைக்குட்டை அளவுக்குக் கடல் தெரிந்தது. இறங்கி வந்து இரண்டு பேரும் தெருவில் நின்று சிரித்த சிரிப்பில் போகிறவர் வருகிறவரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாவது ஓட்டல் படகுத்துறைக்கு நேர் எதிரே. ஒரு காலத்தில் சரக்குக் கிடங்காக இருந்ததாம். பெரிய ஆடம்பரமும் இல்லை, அழுக்கும் இல்லை, நம்மைப் போல நடுத்தரம். அறையைக் காட்ட ஒரு பெண் வந்தாள். நான் நேராகக் குழாய்களிடம் போனேன். எல்லாவற்றையும் திறந்து, ஓடவிட்டு, மூடி, சொட்டுகிறதா என்று நின்று பார்த்தேன். உன் அம்மா திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர், சும்மா இருப்பாரா? திரையைப் புரட்டி மடிப்புத் தையலை ஆராய்ந்தார். "யாரும் பாக்காத பக்கத்துலயும் நேரா தச்சிருக்காங்க சம்பந்தி, நம்பலாம்" என்றார். மெத்தையை நான் ஒரு பக்கம் அமுக்க, அவர் மறுபக்கம் அமுக்கினார். அந்தப் பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தங்க வந்திருக்கிறோமா, இல்லை கட்டடத்தையே வாங்க வந்திருக்கிறோமா என்று கேட்டாள். பிறகு சிரித்துக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?" என்றாள்.

உனக்குத்தான் தெரியுமே, யார் இப்படிக் கேட்டாலும் உன் அம்மா முந்திக்கொள்வார். காய்கறிக் கடையில் கேட்டால்கூட, "இல்லை, சம்பந்தி. என் பொண்ணை இவங்க பையனுக்குத்தான் குடுத்திருக்கேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். அன்றைக்கோ அவர் திரையைப் பிடித்தபடி நின்றார். அந்தப் பெண்ணும் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ, துண்டு எடுத்துவருவதாகச் சொல்லி வெளியே போனாள்.

அவள் போன பிறகுதான் உன் அம்மா கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். "அவங்க பிரிஞ்சிட்டா நாம ரெண்டு பேரும் யாரு? உங்களை நான் என்னன்னு கூப்பிடுவேன்?"

எத்தனையோ பேர் வந்து மேசையைத் தட்டிக் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவள் நான். இதற்கு, ஏற்கெனவே மூடிய குழாயைப் போய் இன்னொரு தடவை மூடிவிட்டு வந்தேன். உன் மாமனார் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் உன் அம்மாவோடுதான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கடையைப் பூட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர் அவர். இந்த வயதில் புதிதாக ஒரு சிநேகிதியைத் தேடிப் போவேனா? நீ மருமகளாக வந்தபோது கூடவே அவரையும் கொண்டுவந்தாய். நீ போனால் அவரையும் எடுத்துக்கொண்டு போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

பார், எழுதமாட்டேன் என்றதை எழுதிவிட்டேன். உன் அம்மா கேட்டால் ஓட்டலைப் பற்றித்தான் எழுதினேன் என்று சொல்லிவிடு.

பிறகு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலில் ஓர் அறையா இரண்டு அறையா என்று முடிவு செய்வோம் என்றார். இனிமேல் மரியாதை பார்த்துப் பயனில்லை என்று, நான் குறட்டை விடுவேன் என்பதைச் சொன்னேன். "நானும்தான்" என்றார். இத்தனை வருஷம் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்காமல் கடைசி ரயிலைப் பிடித்து ஓடியதெல்லாம் இதற்காகத்தானாம், இரண்டு பேருக்கும்! ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "தண்ணிப் பக்கம்தான், வேற எதுக்கு இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று என்னையே அதட்டினார். இரண்டு கட்டில் போட்ட ஓர் அறை, தண்ணீரைப் பார்த்த ஜன்னல், காலையில் ரொட்டியும் முட்டையும் பழமும் வாடகையிலேயே சேர்த்தி. பேசி முடித்துவிட்டோம். பக்கத்து அறையும் அன்றைக்குக் காலி என்று துண்டோடு திரும்பி வந்த அந்தப் பெண் சொன்னதும் உங்கள் இருவரையும் நினைத்து எனக்கு ஒரு யோசனை ஓடியது. உன் அம்மா என் கையைக் கிள்ளினார். விட்டுவிட்டேன்.

இனி மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்காக வக்காலத்து வாங்கமாட்டேன். கோபம் வந்தால் கத்தித் தீர்த்துவிடுகிற ஜாதி இல்லை அவன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊமையாகிவிடுவான். எதிரில் இருப்பவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். நீ காரணம் இல்லாமல் வாசல் தாண்டுகிற பெண்ணும் இல்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அவன் எனக்குப் போன் செய்தான். அரைமணி நேரம் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு, நீ இருக்கும் ஊர்ப் பக்கம் குளிர் அதிகமாமே, உன்னிடம் கனமான போர்வை இருக்கிறதா என்று என்னிடம் கேட்டான். உன்னிடம் கேட்கவேண்டியதை என்னிடம் கேட்கிறானே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சேர்வதோ பிரிவதோ உங்கள் இருவர் பாடு. நான் நடுவில் வரமாட்டேன்.

இன்னொரு விஷயம். முன்பணம் கட்டும்போது, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று எங்கள் இருவரிடமும் ஆளுக்கொரு நம்பர் கேட்டார்கள். உன் அம்மா உன் நம்பரைக் கொடுத்தார். நானும் உன் நம்பரையே கொடுத்தேன். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கப்பல் கம்பெனிக்கும் அதையே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆகவே கரையிலோ கடலிலோ எனக்கு ஏதாவது என்றால் முதலில் உனக்குத்தான் தகவல் வரும். என் மகனுக்கு நீதான் போன் செய்து சொல்லவேண்டியிருக்கும்.

எனக்கு ஒன்றும் ஆகாது, கவலைப்படாதே. ஆனால் எனக்கு ஏதாவது ஆனால்தான் நீ அவனுக்குப் போன் செய்யவேண்டும் என்றும் இல்லையம்மா.

வேளைக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் சிரித்த முகமாக இருக்கவேண்டும்.

என்றைக்கும் உன்,
அத்தை