சும்மா ஓடும் எஞ்சின்

செப்டம்பர் 4

தக்காளியைப் புட்டிகளில் அடைத்து முடித்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. யார் தின்பதற்கு இத்தனை என்று போய்சி நகரத்திலிருந்து மார்வா போனில் கேட்டாள். என் தங்கைதான், ஆனால் பேச்சு மாமியார் பேச்சு. வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை.

சாயங்காலம் வாய்க்கால் பாலத்தில் என் வீட்டுக்காரர் ரூலனின் வண்டிச் சத்தம். கிழங்கை அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டேன். நாயும் வாசலுக்கு ஓடிற்று. வண்டி நிற்காமல் போயிற்று. ஓட்டியது பக்கத்துப் பண்ணைப் பையன் தேய்ன். அவரைப் புதைத்த அடுத்த மாதமே நான்தான் கையெழுத்துப் போட்டு வண்டியை அவனுக்கு விற்றேன். தெரியும். பிறகு ஏன் இரண்டு தட்டு?

செப்டம்பர் 6

வேறு எந்த டீசல் வண்டியும் இப்படிக் கூவாது. கம்பெனி போட்ட, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெரியதாக ஒன்று வைத்தார். இன்ஜெக்டர்களை மாற்றினார். ஒரு குளிர்காலம் முழுக்க மடியில் லேப்டாப்போடு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து எஞ்சினுக்கு ட்யூன் போட்டார். "கம்பெனிக்காரனுக்கு எஞ்சின் செய்யத்தான் தெரியும் தெல்லா, அதுக்கு மூச்சு விடக் கத்துக்குடுக்கத் தெரியாது" என்பார். நான் விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கை விறைத்துப்போகும். திட்டுவேன்.

இந்தச் சாலையில் எல்லாப் பெண்டாட்டிகளும் புருஷன் வருவதை வண்டிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவோம். சத்தம் பாலத்தில் கேட்டால் சாப்பாடு மேசையில் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 11

மறுபடியும் அதே சத்தம். இன்று ஒரு தட்டுதான் எடுத்தேன். ஆனால் கை இன்னொன்றின் மேல் இருந்தது.

செப்டம்பர் 15

ஆராதனை முடிந்ததும் தேய்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த டர்போவைக் கழற்றிவிடு, பழையதையே போட்டுக்கொள் என்று கேட்டேன். யாரும் கேட்காததுதான். அவன் முழித்தான். கழற்றிவிடுகிறேன், கடைசித் தீவன லோடு ஏறட்டும், பழைய டர்போவை வைத்து மேட்டில் இழுத்தால் நாக்குத் தள்ளிவிடும் என்றான். "சத்தம் ரொம்பத் தொந்தரவா அக்கா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

செப்டம்பர் 19

எழுதிவிடுகிறேன். எழுதினாலாவது விடுகிறதா பார்ப்போம்.

லோடு இழுத்த சூட்டோடு டர்போவை அணைக்கக் கூடாது. உள்ளே எண்ணெய் கருகிவிடும். வண்டியை நிறுத்தி, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு ஆறப்போட வேண்டும். ரூலனுக்கு அது வேதவாக்கு. அதனால்தான் இந்தப் பக்கம் எங்கேயாவது எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஜூனில், குதிரைமசால் தீவனத்தின் முதல் அறுப்பு அன்றைக்கு, வீட்டுக்குப் பின்னால் வயலில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் துணி காயப்போட்டேன், பட்டாணி உரித்தேன். காது அந்தப் பக்கமே இருந்தது. எஞ்சின் ஓடுது, மனுஷன் இருக்கான். பட்டாணி முடிந்தது. துணி காய்ந்தது, மடித்தும் வைத்தேன். பொழுது சாய்ந்தபோது போனேன். வண்டிக்கு அந்தப் பக்கம் கிடந்தார். எஞ்சின் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நெஞ்சு சட்டென்று நின்றிருக்கிறது, பக்கத்திலேயே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். சரி. அது எனக்கும் தெரியும். ஆனா அந்தச் சத்தம் என்கிட்ட பொய் சொல்லுச்சே — இருக்கான் இருக்கான்னு சாயங்காலம் வரைக்கும் பொய் சொல்லுச்சே, பாவி.

செப்டம்பர் 24

மார்வாவிடம் சரி என்றுவிட்டேன். வீட்டைப் பார்க்க அடுத்த வாரம் தரகர் வருகிறார்.

செப்டம்பர் 27

தேய்ன் எங்கள் வயலையும் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். மூன்றாவது அறுப்பு. மத்தியானம் வண்டியை அதே வயலில் நிறுத்தினான். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. நான் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஆறப்போடுகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறுகிறது. இன்னும் ஆறுகிறது. எவ்வளவு நேரம் ஆறும்?

ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ போயிற்று. வண்டிக்கு அந்தப் பக்கம், சக்கரத்தில் சாய்ந்து கிடந்தான், முகத்தில் தொப்பி. நான் போட்ட கூச்சலில் துள்ளி எழுந்தான். மடியிலிருந்து ரொட்டி விழுந்தது.

"அக்கா, மொதல்ல அந்தக் கத்திய கீழ வைங்க."

கையில் ஆப்பிள் கத்தி. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, அழுகைதான் ஜெயித்தது. அறுத்த குதிரைமசால் தாளின் மேலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதல் ஒன்றும் அவன் சொல்லவில்லை, நல்ல பையன். மண்ணைத் தட்டிவிட்டு ரொட்டியில் பாதியைக் கொடுத்தான். பிறகு எஞ்சினைக் காட்டி, "அணைச்சிடட்டுமா அக்கா?" என்றான்.

"ஆறட்டும்டா" என்றேன். யார் சொன்னது அதை? என் வாய்தான்.

அக்டோபர் 1

தரகர் வந்தார். அறை அறையாக அளந்தார். வீடு நல்ல வீடு, சாலைச் சத்தம்தான் விலையைக் குறைக்கும் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்ன சத்தம், யார் சொன்னது என்று கேட்டேன். மனிதர் பயந்துவிட்டார்.

அக்டோபர் 5

தேய்ன் கருவிப் பெட்டியோடு வந்து நின்றான். லோடு முடிந்தது, இன்றைக்கே கழற்றிவிடுகிறேன் என்றான். அவசரமில்லை என்றேன்.

அக்டோபர் 9

ஆப்பிள் அடைக்கிற வேலை. பின்வயலில் தேய்ன் வேலி கட்டுகிறான். வண்டி சும்மா ஓடிக்கொண்டிருந்தது. என் கை நின்றுவிட்டது. நிற்கத்தான் செய்யும், இனி எப்போதும்.

அப்போது எஞ்சின் ஒருமுறை உறுமிற்று. கூவல் ஏறி, மெல்ல அடங்கிற்று. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் ஓர் உறுமல்.

ஆறப்போட்ட எஞ்சினை யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். ரூலன் பார்த்தால் காதைத் திருகுவார். ஆனால் சும்மா ஓடுவதற்கு ஆள் வேண்டாம், உறுமுவதற்கு ஒரு கால் வந்து மிதித்தாக வேண்டும். வேலியை விட்டுவிட்டு, எனக்காக நடந்து வந்து மிதித்துவிட்டுப் போகிறான்.

இத்தனை வருஷத்தில் இது நம் இரண்டு பேருக்கும் ஏன் தோன்றவில்லை ரூலன்?

புட்டிகளை மூடினேன். மார்வாவுக்குப் போன் போட்டு, ஆப்பிள் நிறைய இருக்கிறது, பனி விழுவதற்குள் வந்து உன் பங்கை எடுத்துக்கொண்டு போ, என் பங்கு இங்கேயே இருக்கட்டும் என்றேன். தரகர் என்ன சொன்னார் என்று கேட்டாள். சத்தம் அதிகமாம், என்றேன்.