இடைவேளைக்குப் பிறகு விழுந்த கோல்

செவ்வாய், மிட்சம், லண்டன்

எங்கள் தமிழ்க் கழகத்தின் பயிற்சி ஆட்டத்தில் இன்று கோச் மத்தேயும் என் அணியில் இறங்கினார். ஸ்லோவேனியா தேசிய அணியில் ஸ்ட்ரைக்கராக ஆடி ஓய்வு பெற்றவர். தலையால் கோல் அடித்தே பேர் எடுத்தவர்.

இடைவேளை முடிந்து பக்கம் மாறியிருந்தோம். உயரமாக வந்த பந்தை எம்பித் தலையால் அடித்தார். அழகான கோல். ஆனால் எங்கள் கோலுக்குள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"கோச் பகிடி விடுறார்!" என்று ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஏன் யாரும் கட்டிப்பிடிக்க வரவில்லை என்பதுபோல் என்னைப் பார்த்தார். காரில் வரும்போதும், அந்தக் கோலைப் பார்த்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

தலையால் அடித்து அடித்தே மூளை... வேண்டாம், அதை எழுத வேண்டாம்.

எனக்குத் தலையால் அடிக்கப் பழக்கியவரே அவர்தான். இத்தனை வருடமாக, ஒவ்வொரு பயிற்சியிலும்.

சற்றுமுன் மனைவி மேலேயிருந்து கேட்டாள்: "இஞ்சாருங்கோ, முன்கதவு பூட்டினீங்களோ?"

"ஓம், பூட்டிட்டன்."

பூட்டியதாக நினைவே இல்லை. எழுந்துபோய்ப் பார்க்கப் பயமாக இருக்கிறது.