இழவு வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்ன அலுவலர்

அனுப்புநர்:
சூ. கிறிஸ்துதாஸ்,
தலைவர், புனித செசிலியா பேண்டு வாத்தியக் குழு,
மாதா கோவில் பின்தெரு, கரையான்சாவடி.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
கலைத்தொழில் மீட்புத் திட்டம்,
சென்னை.

பொருள்: சாவுக்கு வாசித்த வீடுகளில் சான்றுக் கடிதம் கேட்கும் நிபந்தனையை நீக்கவும், அதனால் எங்கள் குழுவுக்கு ஏற்பட்ட கெட்ட பெயரைத் துடைத்துத் தரவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மரியாதை குறையாமல் எழுத வேண்டும் என்று என் மனைவி சகாயம்மாள் சொல்லியிருக்கிறாள். முடிந்தவரை முயல்கிறேன்.

1. நான் டிரம்பெட் வாசிப்பவன். கல்யாண ஊர்வலம், கோவில் தேர்பவனி, சாவு ஊர்வலம் மூன்றுக்கும் எங்கள் குழு வாசிக்கும். கொரோனா பொதுமுடக்கத்தில் எல்லாம் நின்றது. மண்டபங்கள் மறுபடி திறந்தபோது எங்கள் இடத்தில் டிஜே செட் உட்கார்ந்திருந்தது. எங்களை விடாமல் கூப்பிட்டவர்கள் இழவு வீட்டார் மட்டும்தான். அவர்கள் புண்ணியத்தில் கஞ்சி குடித்தோம்.

2. நலிந்த குழுக்களுக்குப் புது வாத்தியமும் அரசு விழாக்களில் வாய்ப்பும் தருவதாகத் தங்கள் திட்டம் அறிவித்ததை நம்பி விண்ணப்பித்தோம். தங்கள் பூந்தமல்லிப் பிரிவு அலுவலர் எங்கள் வாசிப்பைக் கேட்கவே இல்லை. டிரம்பெட்டை எடுத்தேன்; "அதெல்லாம் உள்ள வைங்க" என்றார். நிகழ்ச்சி நடத்தியவரின் சான்றுக் கடிதமும், சீருடையில் அவரோடு நின்று எடுத்த புகைப்படமும் வேண்டுமாம். கல்யாண வீட்டுக் கடிதங்களைக் கொடுத்தேன். பழசு என்று தள்ளிவிட்டார். சமீபத்தில் நாங்கள் வாசித்தது முழுக்கச் சாவு என்று சொன்னேன். "அப்ப அந்த ஊட்டுக்கே போய் வாங்கினு வாங்க, இன்னா இப்போ?" என்றார்.

3. ஐயா, சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் "போயிட்டு வரேன்" என்று சொல்வதில்லை. எங்கள் தொழிலில் இது இன்னும் கண்டிப்பு. சுடுகாடோ கல்லறையோ, அதன் வாசலோடு எங்கள் வேலை முடிந்தது. அங்கேயே சீருடைக் கோட்டைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவோம். வாசித்த வீட்டுப் பக்கம் தலை வைக்க மாட்டோம். போனால் அடுத்த பிணத்துக்கு வந்ததாகத்தான் ஜனங்கள் பார்ப்பார்கள். இதுகூடத் தெரியாத அந்த அலுவலர் எந்த ஊரில் பிறந்து வளர்ந்தாரோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

4. தெரிந்திருந்தும் நாங்கள் போனோம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கியிருந்தது. எங்கள் டிரம்காரர் அலெக்ஸ், வானகரத்தில் ஒரு கிடங்கு வேலைக்குப் போய்விடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டிரம் இல்லாமல் பேண்டு இல்லை. அவரைப் பிடித்து நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை. பாரிவாக்கத்தில் கஜபதி என்பவரின் இறுதி ஊர்வலத்துக்கு வாசித்திருந்தோம். அவர் மனைவி சுசீலா அம்மாள் நல்ல மாதிரி, கையெழுத்துப் போடுவார் என்று நம்பினேன். அலுவலர் சொன்னபடியே சிவப்புக் கோட்டு, தொப்பி, வாத்தியம் சகிதம் நானும் அலெக்ஸும் ஒரு நாள் காலையில் போய் இறங்கினோம்.

5. அந்த வீட்டில் சுசீலா அம்மாளின் தம்பி விக்ரம், இருதய ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். இது தெருவுக்கெல்லாம் தெரியும், எங்களுக்குத் தெரியாது. எங்கள் கோட்டைக் கண்டதும் எதிர்வீட்டுப் பெண் மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். இன்னொருவர் மாலையே வாங்கி வந்துவிட்டார். கூச்சல் கேட்டு, சுவரைப் பிடித்தபடி விக்ரமே வாசலுக்கு வந்தார். மாலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். யாருக்கு என்று புரிந்ததும் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

சுசீலா அம்மாள் சத்தம் போடவில்லை. "இன்னா அண்ணாத்தே, என் ஊட்ல இன்னும் யாரு மிச்சம் கீறாங்கன்னு பாத்துகினு போலாம்னு வந்தியா?" என்று மட்டும் கேட்டார். நான் படிவத்தை வெளியே எடுக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

6. இந்தக் கதை எங்களுக்கு முன்பே கரையான்சாவடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. இப்போது எங்களுக்கு "முன்னாடியே வர்ற பேண்டு" என்று பெயர். கையில் இருந்த ஒரே கல்யாணமும் போயிற்று. இழவு வீட்டாரும் ஆவடியிலிருந்து வேறு செட்டைக் கூட்டி வருகிறார்கள். அலெக்ஸ் கிடங்கில் மூட்டை அடுக்குகிறார். கொரோனா மிச்சம் வைத்ததைத் தங்கள் மீட்புத் திட்டம் வழித்துத் துடைத்துவிட்டது.

நடந்ததை அலுவலரிடம் சொன்னேன். "கடிதம் இல்லேன்னா நீங்க கலைஞர்னு நான் எப்படிங்க நம்புறது?" என்றார். கையிலிருந்த டிரம்பெட்டை அவர் தலையில் போடாமல் திரும்பி வந்தது கர்த்தர் எனக்குக் கொடுத்த பொறுமை.

7. ஆகவே, இந்த நிபந்தனையை உடனே நீக்கி, எங்களை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டு முடிவு செய்ய உத்தரவிட வேண்டும். அந்த அலுவலர் பாரிவாக்கம் போய், நாங்கள் வந்தது தன் பேச்சைக் கேட்டுத்தான் என்று அந்தத் தெருவார் முன்னிலையில் விக்ரமிடம் சொல்ல வேண்டும்.

நிபந்தனை சரிதான் என்று தாங்கள் கருதினால், இனி எங்களை எந்தச் சாவுக்குக் கூப்பிட்டாலும் அவரையும் உடன் அனுப்பி வையுங்கள். பிணத்தைப் பாடையில் ஏற்றும் நேரம் பார்த்து அவரே படிவத்தை நீட்டட்டும். முழுசாகத் திரும்பி வந்தால் என் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வராவிட்டால் அவருக்கு நாங்கள் இலவசமாக வாசிக்கிறோம்; சான்றுக் கடிதத்தைத் தாங்களே கொடுத்துவிடலாம்.

இடம்: கரையான்சாவடி
நாள்: 19.06.2023

பணிவு தீர்ந்துபோன,
சூ. கிறிஸ்துதாஸ்
(கையொப்பம்)